முதலில் மலை

லீ பஜாரில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கும் மண்டி.
ஒரு சீட்டு அச்சாக
நல்ல நாளில் ஒன்பது விநாடி,
மழை நாளில் நாற்பத்தொன்று.
"மெஷினுக்கு வயசாயிருச்சு, புதுசு ஒண்ணுக்கு எழுதிக் குடுங்க"
என்கிறார் நஞ்சப்பன்.

வயசில்லை.
செயலி மூன்று சதவீதம்தான் ஓடுகிறது,
நினைவகத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது.
காத்திருந்தே களைத்துப்போன இயந்திரம்.

ஒவ்வொரு அழைப்பையும் வரிவரியாகக் கொட்டச் சொன்னேன்.
திரை முழுக்க ஒரே வாசகம்:
அப்படி ஒரு கோப்பு இல்லை
அப்படி ஒரு கோப்பு இல்லை
அப்படி ஒரு

நிரல்களைத் தேடும் பாதையை விரித்துப் பார்த்தால்
ஒன்பது அடைவுகள், நடுநடுவே முக்காற்புள்ளி.
முதல் அடைவு சேலத்திலேயே இல்லை.
ஏற்காட்டில், ஒண்டிக்கடைக்கு மேலே,
எஸ்டேட் ஆபீஸின் பழைய சர்வரில்.

அதாவது, தேதி கேட்டால்கூட
இது முதலில் அடிவாரம் போகிறது.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
பனிக்குள் கதவைத் தட்டி
"தேதி இருக்கா?"
"இல்லை."
இறங்கி வந்து
இரண்டாவது அடைவில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை
எடுத்துக்கொள்கிறது.
லைன் அறுந்த நாளில் மலை
இல்லை என்றுகூடச் சொல்லாது.

கண்ட இடத்தை ஷெல் மனதில் வைத்துக்கொள்ளுமே என்பீர்கள்.
வைத்துக்கொள்ளும்.
ஆனால் இந்தச் சீட்டு நிரல்
மூட்டைக்கு ஒரு புது ஷெல்லைப் பெற்று
எடை சொன்னதும் கொன்றுவிடுகிறது.
இப்போதுதான் பிறந்தது எதை நினைக்கும்?
மறுபடி அடிவாரம்.

வரிசையை எழுதியவர் ரெமிஜியுஸ்.
எட்டு வருடம் முன்பு. இப்போது மஸ்கட்டில்.
ஏன் என்று ஒரு வரிக் குறிப்பு கிடையாது.
மலையை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன்.
சீட்டு, ஒரே விநாடி.
நஞ்சப்பன் தட்டுவடை செட் வரவழைத்தார், எனக்கு இரண்டு.

செவ்வாய்க்கிழமை காக்கம்பாடி சடையன் வந்தார்,
நான்கு மூட்டையோடு.
சீட்டைப் பிடித்தபடி நகரவில்லை.
"எப்பவும் கிலோவுக்குப் பொறவு ஒரு புள்ளி வரும்,
புள்ளிக்குப் பொறவு நம்பர் வரும்.
அது எங்க?"

'எடை' என்ற ஒரே பெயரில் இரண்டு நிரல்கள்.
கீழே இருப்பது கிராமை வெட்டிவிடும்.
மேலே இருப்பது வெட்டாது.
எட்டு வருடமாக முதலில் கிடைத்தது மலையின் எடை.
நான் கைவைத்த வெள்ளிக்கிழமையிலிருந்து
மண்டியின் எடை.
முதலில் அகப்பட்டதோடு தேடல் முடிந்தது,
அதே பெயரில் இன்னொருத்தன் உண்டா என்று
இயந்திரம் விசாரிப்பதில்லை.

ரெமிஜியுஸ் சோம்பலில் எழுதினாரா,
தெரிந்தேதான் எழுதினாரா?
நஞ்சப்பனைப் பார்த்தேன்.
அவர் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையின் 'எடை'யைக் கீழே இறக்கி
முதல் அடைவில் வைத்தேன்.
வெள்ளியிலிருந்து போன சீட்டுகள் அறுபத்தேழு.
புள்ளிக்குப் பின்னால் காணாமல் போனது
நூற்று முப்பத்தொரு கிலோ, எழுநூறு கிராம்.
அதையும் அச்சிட்டு மேசைமேல் வைத்தேன்.
வேகமாகத்தான் வந்தது.

இத்தனை வருட மழை நாட்களில்,
மலை பதில் சொல்லாத போதெல்லாம்
எந்த எடை கிடைத்திருக்கும் என்பது
வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது.

பாதையிலிருந்து மலையை நீக்கவில்லை.
மேலே இன்னும் பதினாறு சிறு நிரல்கள் இருக்கின்றன.
எதெதற்கு இங்கே அதே பெயரில் ஆள் இருக்கிறதென்று
ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இன்று காலையிலிருந்து தூறல்.
அவசரத்தில் ஓர் எழுத்து மாறி
'ஏடை' என்று தட்டிவிட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எல்லா அடைவிலும் கேட்டுவிட்டு
கடைசியில் மலை ஏறப் போயிருக்கிறது.
நாற்பது விநாடியாவது ஆகும்.
ஜன்னலில் சேர்வராயன் தெரியவில்லை.